முதல் குதிரை வாங்கப்போகிறீர்களா? குதிரையைக் கடைசியில் வாங்குங்கள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் ஒரு செவலைப் பெண் குதிரையை 1,40,000 ரூபாய் கொடுத்து வாங்கி, வாடகை வண்டியில் ஏற்றிவந்து, ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டு வாசலில் இறக்கினேன். இறக்கிய பிறகுதான் எங்கே கட்டுவது என்ற யோசனையே வந்தது. அன்றைக்கு மாட்டுக் கொட்டகையில் ஒரு ஓரமாகக் கட்டினோம். எருமை மிரண்டது, குதிரை மிரண்டது, அம்மா என்னைத் திட்டினார்.

அடுத்த ஒன்றரை வருடத்தில் நான் செய்யாத தவறு இல்லை. எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்றுதான்: முதலில் குதிரையை வாங்கிவிட்டு, அதற்கு வேண்டியதை எல்லாம் பிறகு தேடினேன். நீங்கள் வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த ஆடிக்கு வாங்கும் எண்ணமிருந்தால் தை மாதமே வேலையைத் தொடங்கிவிடுங்கள். கீழே உள்ளது நாட்டுக் குதிரை, ராஜஸ்தானின் மார்வாரி, குஜராத்தின் கத்தியவாரி இனம் மாதிரி 350 கிலோ அளவுள்ள ஒரு குதிரையை வீட்டோடு வளர்ப்பவர்களுக்கு. பந்தயக் குதிரை வேறு உலகம்.

1. மூன்று பேரைப் பிடியுங்கள்

குதிரை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர், லாடக்காரர், புல் தருபவர். இந்த மூவரின் தொலைபேசி எண்ணும் கைக்கு வராமல் சந்தைப் பக்கம் போகாதீர்கள்.

மருத்துவரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்: "குதிரைக்கு மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டிருக்கிறீர்களா? ராத்திரி கூப்பிட்டால் வருவீர்களா?" மாடு பார்ப்பதில் கெட்டிக்காரராக இருக்கும் பலருக்கும் குதிரையில் கை பழகியிருக்காது. அது அவர்கள் குற்றம் இல்லை, ஊரில் குதிரை அவ்வளவு குறைவு. பெரிய சிகிச்சை என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, இவற்றில் உங்களுக்கு எது பக்கம் என்று பாருங்கள். ஒரு நாள் சும்மா போய், ராத்திரி யார் இருப்பார்கள், குதிரையை எங்கே இறக்கலாம் என்று கேட்டுவிட்டு வாருங்கள். 1962 என்ற கால்நடை அவசர ஊர்தி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

லாடக்காரர் கிடைப்பதுதான் இன்னும் கடினம். எங்கள் பக்கம் வருபவர் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து வருகிறார். குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை செதுக்க வேண்டும். லாடம் கட்டியிருந்தால் நாலிலிருந்து ஆறு வாரத்தில் கழற்றித் திரும்பக் கட்ட வேண்டும். மண் தரையில் லேசாக ஓட்டுகிற குதிரைக்கு லாடமே தேவைப்படாமல் போகலாம், ஆனால் செதுக்காமல் விட முடியாது. மாட்டுக்கு லாடம் கட்டுபவர் "நான் பார்த்துக்கிறேங்க" என்பார். மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது, குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. விட்டுவிடுங்கள்.

2. இடம்

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி கொட்டில், கூரை உயரம் குறைந்தது பத்து அடி, காற்று நன்றாகப் போய்வர வேண்டும். தகரக் கூரை போட்டால் சித்திரை வெயிலில் உள்ளே அடுப்பாகிவிடும். மேலே தென்னங்கீற்றுப் பரப்புங்கள். வெறும் சிமெண்டுத் தரையில் குளம்பு வழுக்கும், முட்டி தேயும். மேலே மரத்தூளோ ரப்பர் விரிப்போ தேவை. முள்கம்பி வேலி கூடவே கூடாது. குதிரை மிரண்டு ஓடினால் கம்பியோடு சேர்த்துத்தான் ஓடும்.

பக்கத்தில் கால் ஏக்கராவது அவிழ்த்துவிட இடம் இருக்கட்டும். நாள் முழுக்கக் கட்டிப்போட்ட குதிரை மரத்தைக் கடிக்கும், காற்றை விழுங்கும், ஆளைக் கடிக்கும். தனியாக இருந்தாலும் ஏங்கும். எங்கள் வீட்டில் துணைக்கு ஒரு வெள்ளாடு விட்டோம். இப்போது ஆட்டைக் கண்ணில் காணாவிட்டால் கனைப்பு நிற்காது.

நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் கால்நடை வளர்ப்பு உரிமம் வேண்டுமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோ லத்தி விழும். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பது அதை வைத்துத்தான். தோட்டக்காரர் யாருடனாவது பேசிவைத்தால் அவரே வந்து அள்ளிப்போவார்.

3. புல்: நான் சறுக்கிய இடம்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மாடு வளர்த்த வீட்டில் குதிரை வந்தால், மாட்டுக்குப் போடுவதையே குதிரைக்கும் போடுவோம். நானும் போட்டேன். தோட்டத்தில் கோ-4 நேப்பியர் புல் ஆளுயரம் நின்றது. காலையிலும் மாலையிலும் அதை வெட்டிப் போட்டு, மேலே கோதுமைத் தவிடு இரண்டு படி. குதிரை பளபளவென்று ஆனது. எட்டாவது மாதம் நடை கட்டையாகியது. ஒரு நாள் முகத்தைத் தேய்த்துவிடும்போது, கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் எலும்பு மேடு தட்டியது. அடிபட்ட வீக்கம் என்று நினைத்து மஞ்சள் பற்றுப் போட்டேன். டாக்டரம்மா வந்து கையை வைத்துப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, என்ன புல் போடுறீங்க?"

விஷயம் இதுதான். நேப்பியர் மாதிரிப் புல்லில் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். அது புல்லில் உள்ள கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதை உடைத்துவிடுகின்றன, குதிரைக்கு அந்த வசதி இல்லை. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அது கணக்கை இன்னும் கெடுக்கும். உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து எடுக்கும். எலும்பு மெலிந்து, முகம் உப்பும். மாதக்கணக்கில் சத்தமில்லாமல் நடப்பதால், கண்ணில் படும்போது தாமதமாகியிருக்கும்.

அதற்காக நேப்பியரைத் தொடவே கூடாது என்பதில்லை, அதுவே முழுத் தீவனமாகக் கூடாது. கொங்கு நாட்டில் கொரங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலத்தின் கொழுக்கட்டைப் புல்லிலும் இதே சிக்கல் உண்டு. அருகம்புல் நல்லது. அதோடு குதிரை மசால் சேருங்கள். பெயரிலேயே குதிரை இருக்கிறது, கால்சியமும் இருக்கிறது. நான் இப்போது பத்து சென்ட்டில் குதிரை மசால் போட்டிருக்கிறேன். தாது உப்புக் கலவையை எவ்வளவு கொடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவு: உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, காய்ந்த புல் கணக்கில். 350 கிலோ குதிரைக்கு ஆறேழு கிலோ. பச்சையாகக் கொடுத்தால் ஈரம் சேர்ந்து நாலைந்து மடங்கு எடை போட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டாமல் நாளுக்கு நாலைந்து முறையாகப் பிரித்துப் போடுங்கள். குதிரையின் இரைப்பை சிறியது, நாளெல்லாம் கொறிக்கவே படைக்கப்பட்டது. கொள்ளு ராத்திரி ஊறவைத்தது அரை கிலோ முதல் ஒரு கிலோ, வேலைக்குத் தக்கபடி. சும்மா நிற்கிற குதிரைக்கு அதுவும் வேண்டியதில்லை. கல்லுப்பு இரண்டு மேசைக்கரண்டி. தண்ணீர் முப்பது நாற்பது லிட்டர், கோடையில் இன்னும் கூட. எந்தத் தீவனத்தை மாற்றினாலும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

போடவே கூடாதவை:

- கோழித் தீவனம், மாட்டுக்கான கலப்புத் தீவனம். சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் நல்லது, குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும்.
- சூபாபுல் தழை. ஆடு விரும்பித் தின்னும். குதிரைக்குப் பிடரியும் வாலும் கொட்டும்.
- பச்சைச் சோளத்தட்டு. மூத்திரப்பை கெடும், பின்னங்கால் தள்ளாடும்.
- நெல் வைக்கோல் மட்டும். வயிறு நிறையும், சத்து இல்லை, அடைத்துக்கொள்ளும். இதன் கதை கடைசியில் வருகிறது.

4. பணம்

என் நோட்டில் உள்ளபடி ஒரு மாதச் செலவு: புல் 5,500, கொள்ளும் தாது உப்பும் 3,000, குளம்பு வேலை சராசரியாக 1,000, மருத்துவரும் பூச்சி மருந்தும் சராசரியாக 1,200, மரத்தூள் 800. ஆக 11,500 ரூபாய். இதில் ஆள் கூலி இல்லை, நானே பார்க்கிறேன். முதல் முறை கொட்டிலுக்கு 85,000 ஆனது. சேணம், கடிவாளம், முகக்கயிறு, தூரிகை எல்லாம் சேர்த்து 22,000. உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். ஆனால் குதிரையின் விலையை ஒரு வருடச் செலவு தொட்டுவிடும் என்பது எங்கேயும் பெரிதாக மாறாது. கையில் எப்போதும் 30,000 ரூபாய் தனியாக இருக்கட்டும், ராத்திரி மருத்துவருக்கும் வண்டிக்கும்.

கடிவாளம் வாங்கும்போது ஒரு விஷயம்: முள் வைத்தது சந்தையில் இன்னமும் கிடைக்கிறது. மிருகவதைத் தடுப்பு விதிகளின்படி அது தடை செய்யப்பட்டது. வாய் கிழிந்த குதிரை எந்தக் கடிவாளத்துக்கும் அடங்காது என்பது தனி.

5. குதிரையைப் பார்ப்பது

முதல் வருடம் சந்தைக்குப் பார்க்க மட்டும் போங்கள். பர்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போவது உத்தமம். கூட்டம், மேளம், பக்கத்தில் நிற்பவர் விலையை ஏற்றுவது, எல்லாம் சேர்ந்தால் நிதானம் போய்விடும். யார் கையில் குதிரை நன்றாக இருக்கிறது என்று பார்த்து எண் வாங்கிக்கொண்டு, பிறகு அவர்கள் ஊருக்குப் போய்ப் பாருங்கள். கொட்டிலில் நிற்கும் குதிரை பொய் சொல்லாது.

*பல்.* "அஞ்சு வயசு" என்று எனக்கு விற்றார்கள். மேல் உதட்டைத் தூக்கிக் காட்டவும் செய்தார்கள், எனக்குத் தெரிந்தால்தானே. குதிரைக்கு முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். ஐந்தில் வாய் நிறையும். பத்து வயதை ஒட்டி, மேல் வரிசை ஓரப் பல்லின் ஈறோரம் ஒரு பழுப்புக் கோடு தலைகாட்டும். பதினைந்தில் பாதிப் பல் வரைக்கும் இறங்கும். இருபதில் நுனியைத் தொடும். என் குதிரையின் கோடு ஈறைத் தாண்டி ஒரு நகக்கண் அளவு இறங்கியிருந்தது. அதாவது பதினொன்றோ பன்னிரண்டோ.

*நடை.* கெட்டியான தரையில் கயிற்றைத் தளர்த்திப் பிடித்து ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையைத் தொடும்போது தலை மேலே தூக்கும். வலி மருந்து கொடுத்து நிறுத்தியிருப்பார்கள் என்பதால், இரண்டு வெவ்வேறு நாளில், முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பாருங்கள்.

*சுழி.* விற்பவர், வாங்குபவர், வேடிக்கை பார்ப்பவர் எல்லோரும் முடிச் சுழியை வைத்து ராசி பேசுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் இரண்டு பயன் உண்டு. சுழியின் இடம் சாகும்வரை மாறாது, அதனால் அடையாளத்துக்கு உதவும். மருத்துவர்களும் குதிரையின் அடையாளப் படத்தில் சுழியைக் குறிக்கிறார்கள். அடுத்தது, "சுழி சரியில்லை" என்று ஒதுக்கிய நல்ல குதிரை விலை குறைந்து கிடைக்கும். திரும்ப விற்கும்போது உங்களுக்கும் அதே கதிதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதல் குதிரை பெண்ணாகவோ காயடித்ததாகவோ இருக்கட்டும். ஆண் குதிரை அழகுதான், ஆனால் பக்கத்து ஊரில் ஒரு பெண் குதிரை பருவத்துக்கு வந்தால் உங்கள் வேலி தாங்காது.

6. ரத்தப் பரிசோதனையும் காகிதமும்

மூன்று தொற்றுநோய்ச் சோதனைகளை எழுதிக்கொள்ளுங்கள்: கிளாண்டர்ஸ், சர்ரா (ஈ கடித்துப் பரவும் ரத்த ஒட்டுண்ணி நோய்), குதிரைத் தொற்று ரத்தசோகை. கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும், அறிவிக்கப்பட வேண்டிய நோய். உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கொல்ல வேண்டியதுதான். நாட்டின் முதன்மைக் குதிரை ஆராய்ச்சி மையம் ஹரியானாவின் ஹிசாரில் இருக்கிறது. ரத்த மாதிரியை எங்கே, எப்படி அனுப்புவது என்பதைக் கால்நடைப் பராமரிப்புத் துறை மருத்துவர் மூலம் கேட்டுச் செய்யுங்கள். இரண்டாவது குதிரைக்கு எனக்கு முடிவு வர பன்னிரண்டு நாள் ஆனது.

அதனால் முன்பணம் மட்டும் கொடுத்து, முடிவு நல்லபடி வந்த பிறகு மீதி என்று பேசுங்கள். ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம். முதல் முறை நான் மருத்துவரை விற்பவரிடமே கூட்டிவரச் சொன்னேன். வந்தவர் குதிரையைத் தொடாமலே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். மருத்துவர் உங்கள் ஆளாக இருக்க வேண்டும், கட்டணம் உங்கள் பையிலிருந்து போக வேண்டும்.

விற்பனைச் சீட்டு கட்டாயம். விற்பவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை நகல், குதிரையின் நிறம், நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழி, உயரம், வயது, தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் இருந்தால் அதன் எண், விலை, தேதி, இரண்டு சாட்சி. நாலு பக்கமும் புகைப்படம். மார்வாரி என்று கூடுதல் விலை கேட்டால் பதிவுச் சான்றைக் கேளுங்கள். மைக்ரோசிப் எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா என்று மருத்துவரைக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சான்று இல்லையென்றால் அது காது வளைந்த அழகான குதிரை, அவ்வளவுதான். காப்பீடு எடுப்பதாக இருந்தால் இந்தக் காகிதங்களோடு மருத்துவரின் மதிப்புச் சான்றும் கேட்பார்கள்.

7. ஏற்றி வருவது

பயணத்துக்குத் தகுதி என்று மருத்துவர் தந்த சான்றிதழ் வண்டியில் இருக்க வேண்டும், அதோடு விற்பனைச் சீட்டு. இரண்டும் இல்லாமல் சோதனைச் சாவடியில் ஒரு மணி நேரம் நின்றேன். தரையில் மணலோ வைக்கோலோ பரப்பி, ஒரு ஆள் கூடவே நிற்க வேண்டும். வெயிலுக்கு முன் அதிகாலையில் கிளம்புங்கள். பழைய இடத்துப் புல் ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கி அதே வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். தீவன மாற்றம் அதிலிருந்து தொடங்கட்டும்.

8. முதல் மாதம்

வேறு குதிரை இருந்தால், புதியதை மூன்று வாரத்துக்கு அதிலிருந்து விலக்கித் தனியாகக் கட்டுங்கள். ஏறி ஓட்ட அவசரம் வேண்டாம்.

எடையை நாடாவால் கணக்கிடலாம்: நெஞ்சுச் சுற்றளவை அதே அளவால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுக்க வேண்டும். எல்லாம் சென்டிமீட்டரில். சுற்றளவு 160, நீளம் 160 என்றால் சுமார் 345 கிலோ. பூச்சி மருந்து அளவுக்கு இது தேவைப்படும். குதிரைக்கான வாய்வழிப் பசையையே கேட்டு வாங்குங்கள், மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைப் போட விடாதீர்கள். உண்ணிக்காக மாட்டுக்குத் தெளிக்கும் அமிட்ராஸ் மருந்தும் ஆகாது, குடல் அசைவு நின்றுவிடும். தடுப்பூசியில் ரணஜன்னியும் (டெட்டனஸ்) வெறிநாயும் கட்டாயம். ஒரு துருப்பிடித்த ஆணி போதும் ரணஜன்னிக்கு.

அப்புறம், குதிரை நன்றாக இருக்கும்போதே அதன் அளவுகளை எழுதி வையுங்கள். வெப்பம் 99.5 முதல் 101.5 டிகிரி பாரன்ஹீட். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, தாடை எலும்புக்கு அடியில் விரல் வைத்தால் தெரியும். மூச்சு 8 முதல் 16. ஈறு இளஞ்சிவப்பு, அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். விலாவுக்குப் பின்னால் காதை வைத்தால் குடல் கடமுடவென்று பேசும். பேச வேண்டும்.

9. வயிற்று வலி

ஒரு பங்குனி மாதம் புல் தட்டுப்பாட்டில் பத்து நாள் வைக்கோலே போட்டேன். தொட்டித் தண்ணீர் வெயிலில் கொதித்ததால் குதிரை சரியாகக் குடிக்கவும் இல்லை. ராத்திரி ஒன்றரை மணிக்குக் கொட்டிலில் சத்தம். முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டிருந்தது. திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தது, படுத்தது, எழுந்தது. மாலையிலிருந்து லத்தி இல்லை. பக்கத்துத் தோட்டத்துத் தாத்தா விளக்கெண்ணெயும் மூங்கில் குழாயும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். மாட்டுக்கு அப்படித்தான் ஊற்றுவார். தொலைபேசியில் டாக்டரம்மா கத்தினார்: "எதையும் வாயில ஊத்தாதீங்க!" குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது, ஊற்றியது நுரையீரலுக்குள் போனால் வயிற்று வலியிலிருந்து பிழைத்தாலும் அதில் போய்விடும்.

அவர் வர மூன்றரை ஆனது. மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்கு மருந்து இறக்கினார். விடியும்போது நாலு உருண்டை லத்தி விழுந்தது. தாத்தா அதைப் பார்த்துக் கும்பிட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது: தீவனத்தை எடுத்துவிடுங்கள். நாடித் துடிப்பு எண்ணுங்கள், ஈறு பாருங்கள், குடல் கேளுங்கள், கடைசியாக லத்தி போட்ட நேரத்தை நினைவுபடுத்துங்கள். இந்த நாலையும் சொல்லித்தான் மருத்துவரை அழைக்க வேண்டும். புரண்டு அடித்துக்கொண்டால் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடத்துங்கள், விடிய விடிய நடத்திக் களைப்பாக்க வேண்டாம். அமைதியாகப் படுத்திருந்தால் படுக்கட்டும். மிச்சமிருந்த வலி ஊசியை நீங்களாகப் போடாதீர்கள், மருத்துவர் வந்து பார்க்கும்போது அறிகுறி மறைந்திருக்கும். துடிப்பு அறுபதைத் தாண்டினாலோ, குடல் சத்தமே இல்லாவிட்டாலோ, ஈறு கறுத்தாலோ, மருத்துவருக்குக் காத்திருக்கும்போதே வண்டியையும் வரச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் கொட்டில் தூணில் ஒரு அட்டை தொங்குகிறது. மேலே மருத்துவர் எண், அதற்குக் கீழே கல்லூரி மருத்துவமனை, 1962, கடைசியில் ராத்திரி வர ஒப்புக்கொண்ட இரண்டு வண்டிக்காரர்கள். பேனா மை மழைச்சாரலில் கரைந்துவிடும், பெயிண்டில் எழுதுங்கள்.